சிரிக்காத அண்ணி

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தியேட்டரில் விளக்குகள் எரிந்தபோது குடும்பமே எழுந்து நின்று கைதட்டியது. ஊசி மட்டும் இருக்கைக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதை மூன்று பேர் பார்த்தார்கள். படத்தை இயக்கிய கொழுந்தன் பார்த்தான். அவனுடைய அக்கா, அதாவது ஊசியின் நாத்தனார் பார்த்தாள். ஊசியின் கணவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏற்கெனவே அணைந்துபோன திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு திரும்பும்வரை காரில் யாரும் பேசவில்லை. அவ்வளவுதான் வெள்ளிக்கிழமை.

மற்ற யாராவது வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஊசி பேசாமல் இருந்தால் அது செய்தி.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடமாக ரத்தம் எடுக்கிறவள் என்பதால் அந்தப் பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால், கால் உடைந்து படுக்கையில் கிடந்த தோழி ஒருத்தி, "நீ படம் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லேன்" என்றாள். ஊசி தியேட்டரிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டே போனில் மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். தோழி அதை இன்னொருத்திக்கு அனுப்பினாள். அவள் பத்துப் பேருக்கு. தோழியின் கால் கூடிவிட்டது, பேச்சு நிற்கவில்லை. இப்போது நாற்பதாயிரம் பேர் கேட்கிறார்கள்.

அவள் மதிப்பெண் போடுவதில்லை. கேமராவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. எங்கே சிரித்தேன், எங்கே மணி பார்த்தேன், எங்கே கால் மரத்துப்போனது என்று மட்டும் சொல்வாள். பதினோரு குண்டு பாய்ந்தும் வசனம் பேசிய போலீஸ்காரரைப் பற்றி, "ரெண்டு டியூப் ரத்தம் எடுத்தாலே என்கிட்ட ஆம்பளைங்க மயங்கி விழறாங்க, இவரு எந்த ஊர் உடம்பு?" என்று கேட்டாள். ஒரு பேய்ப்படத்தைப் பற்றி, "அந்த வீட்ல கதவைச் சாத்தணும்னு அக்கறை இருந்தது பேய்க்கு மட்டும்தான், எனக்குப் பேயைப் பிடிச்சது" என்றாள்.

ஆனால் இது கொழுந்தனின் முதல் படம். எட்டு வருடம் உதவி இயக்குநராகக் காத்திருந்து எடுத்த படம்.

அதுவும் ஒரு அண்ணியைப் பற்றிய படம்.

*

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பரிசோதனை நிலையத்தின் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. எல்லோரும் வெறும் வயிறு, எல்லோருக்கும் அவசரம்.

"அக்கா, உங்க கொழுந்தன் படம் எப்படி? டிக்கெட் போடலாமா?" கையை நீட்டிக்கொண்டே கேட்டார் ஒரு லாரி டிரைவர்.

"விரலை மடக்குங்க."

"பதிலே வரலியே."

"நரம்பும்தான் வரல. இன்னும் இறுக்கி மடக்குங்க."

அவர் சிரித்தார். ஊசி சிரிக்கவில்லை. டியூபில் அவர் பெயரை எழுதி ஒட்டினாள். அடுத்து யார் என்று நிமிர்ந்தால், நாத்தனார்.

மூன்று அழகு நிலையங்களின் முதலாளி அவள். வெறும் வயிற்றோடு வந்திருந்தாலும் ஒரு முடிகூடக் கலையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்தாள்.

"மூணு மாச சர்க்கரை பாக்கணும்" என்றாள்.

"போன மாசம்தானே பாத்தீங்க அக்கா?"

"திரும்பப் பாக்கக் கூடாதுன்னு சட்டமா?"

ஊசி ரப்பர் பட்டையைக் கையில் கட்டினாள். நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் இன்னும் வாய்ஸ் போடல?"

"கையை ஆட்டாதீங்க."

"ராத்திரி பத்து மணி வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருந்தேன். ஊர்ல ஓடற குப்பைக்கெல்லாம் வாய் கிழியப் பேசறே. சொந்தத் தம்பி படத்துக்கு வாய்ல பூட்டா?"

"ஊசி உள்ள போயிடுச்சு. இப்ப கத்தினா உங்களுக்குத்தான் வலிக்கும்."

நாத்தனார் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல், உதடு மட்டும் அசையப் பேசினாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"இன்னைக்கு ஆறு மணிக்குத் தியேட்டர்ல மேடை போட்டிருக்காங்க. விளம்பரம் பண்றவர்கிட்ட நான் சொல்லிட்டேன். நீ மேடையேறி, 'இது என் கதை'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். பேனரே அடிச்சாச்சு. 'நிஜ அண்ணி'ன்னு."

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"கேட்கணுமா?" நாத்தனாரின் குரல் திடீரென்று இறங்கியது. "எங்க அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்போ மூணு வருஷம் நீதான் பாத்துக்கிட்டே. ஒருத்தரும் உனக்கு நன்றி சொல்லல. நானும்தான் சொல்லல. என் தம்பி ஊரறியச் சொல்லியிருக்கான். உனக்குச் சிலை வச்சிருக்கான்டி."

அவள் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. ஊசி அதைப் பார்த்தாள். ஊசியை உருவி, பஞ்சை அழுத்தினாள்.

"சிலையில இருக்கறது என் முகம் இல்லையே அக்கா."

"பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காதே. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிடாதே. ஆறு மணி." எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "அப்புறம், சர்க்கரை எவ்வளவுன்னு எனக்கு மட்டும் சொல்லு. வீட்ல சொல்லாதே."

*

பன்னிரண்டரை மணிக்குக் கொழுந்தன் பின்வாசல் வழியாக வந்தான். ரத்தத்தைச் சுழற்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுப் போட்ட அதே சட்டை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"அண்ணி, பிடிக்கலையா?"

அவள் கையுறையைக் கழற்றினாள். அவனிடம் சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது.

"முதல் அரை மணி நேரம் பிடிச்சது. அவன் மழையில பஸ்ஸை விட்டுட்டு நடந்தே போறானே, அப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது. அதுக்கப்புறம் அண்ணி வந்தா."

"அண்ணி வந்த பிறகுதான் எல்லாரும் அழுதாங்க."

"தெரியும். நான் ஒண்ணு கேக்கறேன். அந்த மூணு வருஷம் நான் சிரிச்சுக்கிட்டா இருந்தேன்?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"படத்துல அவ வேலையை விடறா, சிரிக்கிறா. புருஷன் திட்டறான், சிரிக்கிறா. மாமியாருக்குத் துணி மாத்தறா, சிரிக்கிறா. கடைசியில நோய் வந்து சாகறா, அப்பவும் உன் தலையைத் தடவிச் சிரிக்கிறா. நான் வேலையை விட்டேனா? முதல் மாசமே தட்டைச் சுவத்துல எறிஞ்சேன். பெருக்கினது யாரு?"

"நான்தான்."

"உன்னை உக்கார வச்சு என்ன சொன்னேன்?"

"ஞாயித்துக்கிழமை என் முறைன்னு."

"முதல் ஞாயிறு உங்கம்மாவைக் குளிப்பாட்டப் போய் நீ வாந்தி எடுத்தே. ரெண்டாவது ஞாயிறு கை நடுங்கிச்சு. மூணாவது ஞாயிறு தலை வாரிப் பின்னிவிட்டே. கோணலாத்தான் பின்னினே, ஆனா அத்தை அதை ரெண்டு நாள் அவிழ்க்கவே விடல. மூணு வருஷத்துல ஒரு ஞாயிறு நீ தப்பல. எங்கயோ ஷூட்டிங்னா ராத்திரி பஸ் பிடிச்சு வந்தே. எனக்கு உன்னைப் பிடிச்சதே அதனாலதான் தம்பி. அந்தப் பையன் படத்துல எங்க?"

மெஷின் நின்றது.

"அது கதைக்கு ஒத்து வரல அண்ணி."

"யாருக்கு ஒத்து வரல?"

"அதை விடுங்களேன்." அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "நேத்து மேட்னிக்கே பாதி சீட்டு காலி. திங்கக்கிழமை வரைக்கும் தாங்கலைன்னா படத்தைத் தூக்கிடுவாங்க. நீங்க மேடைக்கு வர வேணாம். பாராட்ட வேணாம். சும்மா இருங்க, போதும். எட்டு வருஷம் அண்ணி."

சும்மா இருப்பது பெரிய விஷயமா? ஒரு படத்துக்கு வாயைத் திறக்காவிட்டால் யார் குடி முழுகிவிடும்? அவள் மனம் இளகித்தான் போனது. சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

*

டிக்கெட்டைத் தானே வாங்கிக்கொண்டு மேட்னிக்குப் போய் உட்கார்ந்தாள். ஒருவேளை நேற்று தவறாகப் பார்த்துவிட்டோமோ? நம்மைப் பற்றிய படம் என்று எல்லோரும் சொன்னதால் நமக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததோ? அப்படியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் வந்தாள்.

பக்கத்து இருக்கைகளில் ஒரு பெரியம்மாவும் அவளுடைய மருமகளும். மருமகளுக்கு இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும். ரத்தம் எடுக்கிறவளுக்கு முதலில் கண்ணில் படுவது கைதான். அந்தப் பெண்ணின் விரல்கள் துணி வெளுக்கும் தூளில் வெந்து தோலுரிந்திருந்தன.

திரையில் அண்ணி அடி வாங்கினாள். சிரித்தாள். அரங்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கம் சாய்ந்தாள்.

"பாத்தியா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறாளா? நல்லாப் பாத்துக் கத்துக்கோ."

"சரிங்க அத்தை" என்றாள் அந்தப் பெண்.

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் தெரிந்தது. பரீட்சையில் தோற்றவளின் குரல்.

ஊசிக்கு அதற்குப் பிறகு படம் ஓடவில்லை. முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பாதியில் எழுந்து போனால் அது அநியாயம்.

வெளியே முன்கூடத்தில் மேடை தயாராகிக்கொண்டிருந்தது. 'நிஜ அண்ணி' பேனரை இரண்டு பேர் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காதில் கருவி மாட்டிய விளம்பரக்காரர் ஓடி வந்தார்.

"மேடம், சீக்கிரமே வந்துட்டீங்க! ஒரு பூங்கொத்து குடுப்போம், நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டே..."

"நான் டிக்கெட் வாங்கிப் படம் பாக்க வந்தவ சார். மேடைக்கு வந்தவ இல்ல."

"பேனர் அடிச்சிட்டோம் மேடம்."

"நல்ல துணியாத்தான் இருக்கு. வேற எதுக்காவது ஆகும்."

படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். முதலில் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பேசப்போறேன். உனக்கு முதல்ல சொல்லிடணும்னு தோணுச்சு."



"சும்மா இருந்திருக்கலாம் அண்ணி."

"சும்மா இருக்கறவளைத்தான் நீ படத்துலயே கொன்னுட்டியே தம்பி."

போனை வைத்தாள். நடந்தாள். வழக்கமாகப் பேசத் தொடங்கும் மருந்துக்கடை வந்ததும் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம், ஊசி பேசறேன். தியேட்டர்லருந்து வீட்டுக்கு நடந்துக்கிட்டிருக்கேன். ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். இந்தப் படத்தை எடுத்தது என் கொழுந்தன். அதை மறைச்சுட்டுப் பேசினா நான் பேசறது எல்லாமே பொய். ரெண்டு தடவை பாத்துட்டேன். ரெண்டு தடவையும் அந்த மழை சீன்ல எனக்குத் தொண்டை அடைச்சுது. படம் எடுக்கத் தெரிஞ்சவன்தான், அதுல சந்தேகம் இல்ல. போய்ப் பாருங்க. நான் வேணாம்னு சொல்லல.

"ஆனா அந்த அண்ணியை எனக்குப் பிடிக்கல. நாலு தடவை மணி பாத்தேன், நாலு தடவையும் அவ சிரிக்கறப்பதான். நோயாளியை மூணு வருஷம் பாத்துக்கறவளுக்கு முதுகு வலிக்கும். கோவம் வரும். குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுவா. அடுத்தவனைக் கூப்பிட்டு, 'நீயும் வந்து செய்யி'ன்னு சண்டை போடுவா. எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, நான் போட்டேன். எங்க வீட்டுச் சின்னவரு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து அவங்கம்மாவைக் குளிப்பாட்டித் தலை வாரி விட்டாரு. அதைவிட அழகான சீன் இந்தப் படத்துல இல்ல. அதை எடுக்காம விட்டுட்டாரு. அண்ணியைப் பத்திப் பொய் சொன்னதுகூடப் பரவாயில்ல, தன்னைப் பத்தியே பொய் சொல்லிட்டாரு.

"இன்னைக்கு என் பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. 'பாத்துக் கத்துக்கோ'ன்னு அவகிட்ட சொன்னாங்க. தங்கச்சி, இதை நீ கேட்டாலும் கேக்கலன்னாலும் சொல்றேன். கத்துக்காதே. கையில மருந்து தடவு. நாளைக்குத் துணி துவைக்க இன்னொருத்தரைக் கூப்பிடு. வரலன்னா சத்தம் போடு. சிரிக்காதே. சத்தம் போட்டவ நான், இதோ உயிரோட நடந்து போயிட்டிருக்கேன். அவ்வளவுதான். நான் ஊசி."

அனுப்பிவிட்டாள்.

*

அவர்கள் வீடு இரண்டாவது மாடி. ஊசி படியேறி முடிப்பதற்குள் குடும்பக் குழுவிலிருந்து நாத்தனார் விலகியிருந்தாள். தோழி மட்டும், "இதுக்காக இன்னொரு கால் உடைஞ்சாலும் சம்மதம்" என்று அனுப்பியிருந்தாள்.

கேட்டவர்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். திட்டியவர்கள் இருந்தார்கள். 'குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறாள்' என்றார் ஒருவர். 'என் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'மழை சீனுக்காகவே போகிறேன்' என்றார்கள் சிலர்.

ஏழு மணி வாக்கில் அந்தக் கேள்வி வந்தது.

'அக்கா, சின்ன மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தார், சரி. பெரிய மகன் எங்கே இருந்தார்?'

கீழே இன்னொருத்தி: 'நானும் அதைத்தான் யோசித்தேன்.'

அதற்குக் கீழே இன்னும் பதினேழு பேர்.

ஊசி நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை பேருக்குத் தோன்றியது தனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே என்று முதல்முறையாக உறைத்தது. தோன்றாமல் இல்லை. கேட்காமல் விட்டிருக்கிறாள்.

கதவு திறந்தது. கணவர் வந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர் என்று பெயர் எடுத்தவர். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். கையில் போன்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"அழிச்சிடச் சொல்லிக் கேக்க வரல." அவர் சுவரோரம் போய் நின்றார். "அவன் அந்த ஞாயித்துக்கிழமை சீனை எழுதியிருந்தான். சொல்லப்போனா முதல்ல எழுதினதே அதைத்தான். எனக்குப் படிச்சுக் காட்டினான். வெட்டிடுன்னு சொன்னது நான்."

"ஏன்?"

"இந்தக் கேள்வி வரும்னு."

ஊசி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மதியம் சுவரைப் பார்த்தபடி நின்ற கொழுந்தனின் முகம் இப்போதுதான் புரிந்தது. அவன் மறைத்தது தன்னை இல்லை, அண்ணனை.

"ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்னு போனீங்களே?"

"கிளாஸ் இல்ல. காரை மைதானத்துல நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருப்பேன். சாயங்காலம் வரைக்கும்."

"மூணு வருஷமா?"

"அம்மாவை அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. வெளியே சொல்லவும் வெக்கம். நேத்து தியேட்டர்ல நான் அழுதது படத்துக்காக இல்ல. படத்துல அந்தப் புருஷனை அவ ஒரு தடவைகூடக் கேள்வி கேக்கல. எனக்கு அது எவ்வளவு வசதியா இருந்துச்சு தெரியுமா? அதுக்கு அழுதேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அத்தையைத் தூக்கிப் புரட்டியதில் இன்றைக்கும் விண்விண்ணென்று தெறிக்கும் இடுப்பு நினைவுக்கு வந்தது. நிழலில் நிறுத்திய காரில் உட்கார்ந்திருந்த மனிதர் நினைவுக்கு வந்தார்.

"எனக்கு இது வசதியா இல்ல" என்றாள். "இன்னைக்கு ராத்திரியே மன்னிச்சிடுவேன்னு நினைக்காதீங்க. நான் அந்தப் படத்து அண்ணி இல்ல."

"தெரியும்."

"கேள்வி என்கிட்ட கேட்டிருக்காங்க. பதில் என்கிட்ட இல்ல."

போனை மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினாள். அவர் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

படிகளில் தடதடவென்று செருப்புச் சத்தம். அடுத்த நொடி கதவு அதிர்ந்தது.

"திற கதவை!" நாத்தனாரின் குரல். "ஆறு மணி மேடைக்கு அவன் வரவே இல்ல! போன் அணைஞ்சு கெடக்கு! எங்க போனான்னு ஒருத்தருக்கும் தெரியல! என் தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்! திறடி!"

ஊசி எழுந்தாள். கணவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ உக்காரு. அவ திட்ட வேண்டியது உன்னை இல்ல."

அவர் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். உள்ளே வந்த நேரத்தைவிட இப்போது முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"அக்காவும் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்தார்.